எஃப் கார்டும் அம்மாவின் மணையும்

அக்கா மகளுக்குப் பதினொரு வயது. சனிக்கிழமை காலைகளில் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு, கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். பல கம்பிகளை ஒருசேர ஒலிக்கவைக்கும் சுரக்கூட்டைத்தான் கிட்டாரில் கார்டு என்பார்கள். ஜி, சி, டி, ஈ மைனர் என்று நான்கு கார்டுகளை இரண்டே மாதங்களில் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். அடுத்து எஃப். மூன்று வாரம் போராடினாள். நான்காவது வாரம் கிட்டாரை உறையைவிட்டு எடுக்கவே இல்லை. "மாமா, என் கை சின்னது. இது எனக்கு வராது" என்றாள்.

ஒரே ஒருமுறை பிடித்துக் காட்டச் சொன்னேன். மனமில்லாமல் பிடித்தாள். கிட்டார் கழுத்தின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருந்தது. அவ்வளவு அழுத்தம். மணிக்கட்டு கூர்மையாக மடங்கியிருந்தது, முழங்கை விலாவைவிட்டு விலகியிருந்தது, தோள் காது வரை ஏறியிருந்தது. ஒரு கார்டுக்காகக் குழந்தையின் பாதி உடம்பே முறுக்கிக்கொண்டு நின்றது.

"கட்டைவிரலை ஏன் இப்படி ஊன்றுகிறாய்?"

"வீடியோவில் சொன்னார்கள் மாமா. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால், நட்டநடுவில் இருக்க வேண்டும். மேலே எட்டிப் பார்க்கவே கூடாது."

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சொல்லப்பட்டதும் இதே வாக்கியம்தான். அதை வேதமாக எடுத்துக்கொண்டு நான் பட்ட வலி அவளுக்கு வரக் கூடாது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கிட்டாரைத் தொட்டது எங்கள் பங்குக் கோவிலின் பாடற்குழுவுக்காக. பாட்டிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒருசேர ஒத்துவரும் சுருதி எஃப். ஆகவே திருப்பலியில் பாதிப் பாடல்கள் எஃப்பில்தான் நகரும். அதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள, ஓசூரில் வேலை முடிந்த பிறகு மாலையில் ஓர் ஆசிரியரிடம் போனேன். மேலைச் செவ்வியல் கிட்டார் பயின்றவர், கண்டிப்பானவர். கட்டைவிரல் கழுத்தின் விளிம்பைத் தாண்டித் தெரிந்தால் பென்சிலால் தட்டுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தம் ஆசிரியர் தந்ததை எனக்கு அப்படியே தந்தார். நானும் பணிந்தேன். கட்டைவிரலை உள்ளே தள்ளினேன். எஃப் சுத்தமாகப் பேசாதபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

எட்டு மாதத்தில் இடது கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கத் தொடங்கியது. கைரேகை பார்ப்பவர்கள் சுக்கிர மேடு என்பார்களே, அந்தச் சதைத்திரட்சிதான். முதலில் வாசித்து முடித்த பிறகு வலித்தது. பிறகு வாசிக்கும்போதே. அதற்கும் பிறகு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும், சட்டைப் பொத்தானைப் போடும்போதும். மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொன்னார். ஓய்வெடுத்தேன், வலி போனது. மறுபடி எஃப் பிடித்தேன், திரும்பி வந்தது. கோவிலில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு நான் கிட்டார் இல்லாமல் வெறும் குரலோடு நின்றேன். அந்த இரவை இன்னும் மறக்கவில்லை.

அதற்கு அடுத்த கோடையில் குடும்பத்தோடு ஒகேனக்கல் போனோம். தர்மபுரியில் பஸ் மாறி, பென்னாகரம் வழியாக. அங்கே பாறைகளுக்கிடையே எண்ணெய் தேய்த்துவிடும் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்தேன். முதுகு, தோள் எல்லாம் முடித்து இடது கைக்கு வந்தவர், கட்டைவிரல் மேட்டில் ஒரு புள்ளியைத் தொட்டதும் நான் கத்திவிட்டேன்.

"என்ன வேலை செய்கிறீர்கள் தம்பி? இங்கே கல் மாதிரி இருக்கிறதே."

கிட்டார் வாசிப்பேன் என்றேன். அவருக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. தன் கட்டைவிரலை அதே புள்ளியில் வைத்து மெதுவாக அழுத்தினார். அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். அறுபது வயதிருக்கும். காலையிலிருந்து மாலை வரை கட்டைவிரலாலேயே பிழைக்கும் மனிதர். ஆனால் அந்தக் கட்டைவிரலில் இறுக்கமே இல்லை. முழங்கையை நீட்டி, தோளை முன்னால் சாய்த்து, உடம்பின் பாரத்தைக் கைவழியாக இறக்கிக்கொண்டிருந்தார். விரல், பாரம் வந்து சேரும் முனை மட்டும்தான்.

"உங்கள் விரல் வலிக்காதா ஐயா?" என்று கேட்டேன்.

"விரலால் அழுத்தினால் ஒரு வருடம் தாங்குமா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை எடுத்துக் கட்டைவிரலைக் கழுத்திலிருந்து அறவே விலக்கிவிட்டு எஃப் பிடித்துப் பார்த்தேன். வலது முன்கை கிட்டாரின் உடலை மெல்ல நெஞ்சோடு அணைத்திருந்தது. இடது கை தன் எடையாலேயே கம்பிகளைப் பின்னோக்கி இழுத்தது. ஆறு கம்பிகளில் ஐந்து ஒலித்தன. கட்டைவிரல் இல்லாமலே. எட்டு மாதம் உயிரைக் கொடுத்து அழுத்தியபோதும் அதற்குமேல் கிடைத்ததில்லை. இந்தச் சோதனையை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். எப்போதும் அப்படியே வாசிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. அழுத்தும் வேலையில் பெரும்பகுதியைக் கையின் பாரம் பார்த்துக்கொள்ளும், கட்டைவிரல் ஒரு மெல்லிய முட்டு மட்டும் கொடுத்தால் போதும் என்பதை உடம்பு தானே உணர வேண்டும். சொல்லி அது வராது.

ஏன் கட்டைவிரல்தான் முதலில் பழுதாகிறது? விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. விரலுக்குள் இருப்பவை பெரும்பாலும் அந்தத் தசைகளின் நாண்களே. ஆனால் கட்டைவிரலை எதிர்ப்பக்கம் அழுத்தவைக்கும் தசைகளில் பல உள்ளங்கையிலேயே, அந்த மேட்டிலேயே இருக்கின்றன. சிறியவை, சீக்கிரம் களைப்பவை. விரல்நுனியில் நாம் கொடுக்கும் அழுத்தம் கட்டைவிரலின் அடிமூட்டில் பல மடங்காகப் பெருகி இறங்குகிறது. இடுக்கிபோல் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாசிப்பது அந்த மூட்டுக்குச் செய்யும் கொடுமை.

மணிக்கட்டின் கதை வேறு. இதைப் படிக்கும்போதே மணிக்கட்டை உள்பக்கமாக முழுவதும் மடக்கி, கை முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். இறுகாது. மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான் விரல்களுக்கு முழு பலம். மடங்கிய மணிக்கட்டோடு எஃப் பிடிப்பவர், முதலில் தன் பலத்தை இழந்துவிட்டு, பிறகு அதை ஈடுகட்டக் கட்டைவிரலை நெரிக்கிறார். என் அக்கா மகள் செய்துகொண்டிருந்தது இதுதான். நானும் இதைத்தான் செய்தேன்.

அப்படியானால் அந்த விதி பொய்யா? பொய் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோதுதான் எனக்கு உண்மையில் கண் திறந்தது.

இன்றைய செவ்வியல் கிட்டாருக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பானியக் கைவினைஞர் அந்தோனியோ டி டோரஸ். அவர் வழிவந்த கிட்டாரில் கழுத்தின் தலைப்பகுதி சுமார் 52 மில்லிமீட்டர் அகலம். பரப்பு தட்டையானது. அதை வாசிப்பவர் இடது காலை ஒரு சிறு பாதப்பலகையின் மேல் தூக்கி வைத்து, கிட்டாரை இடது தொடையில் நிறுத்துவார். கழுத்து சாய்வாக மேலேறி நிற்கும். அந்த நிலையில் கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் நடுவிரலுக்கு எதிரே வைத்தால், மணிக்கட்டு தானாகவே நேராக அமையும். அந்த உட்காருதலுக்கு அந்த விதி மிகப் பொருத்தமானது.

நாமோ பாடற்குழுவிலும் கல்லூரி விழாக்களிலும் வாசிப்பது எஃகுக் கம்பி கிட்டார். கழுத்து 43 அல்லது 44 மில்லிமீட்டர். அதை வலது தொடையில் கிடத்துகிறோம், அல்லது தோளில் வார் மாட்டித் தொங்கவிட்டு நிற்கிறோம். கழுத்து தரைக்கு இணையாகக் கிடக்கிறது. இந்த நிலையில் கட்டைவிரலை மட்டும் பின்னால் நடுவுக்குத் தள்ளினால், மணிக்கட்டு மடங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. விதி நம் ஊருக்கு வந்துவிட்டது, அதோடு சேர்ந்து வர வேண்டிய பாதப்பலகை வரவில்லை. என்னுடைய எட்டு மாத வலிக்கும் ஒரு குழந்தையின் மூன்று வாரக் கண்ணீருக்கும் நான் கண்ட காரணம் இதுதான்.

செவ்வியல் கிட்டாரிலேயேகூட எல்லோரும் ஒரே கட்சியாக இருந்ததில்லை. நேப்பிள்ஸில் பிறந்து பாரிசில் கற்பித்த ஃபெர்டினாண்டோ கருல்லி (1770–1841) ஆறாவது கம்பியை, அதாவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் தடித்த கம்பியை, கட்டைவிரலால் மேலிருந்து அழுத்துவதை ஏற்றவர். அவர் காலத்துக் கிட்டார்களின் கழுத்து இன்றைய செவ்வியல் கிட்டாரைவிடக் குறுகலானது. அதே காலத்து ஸ்பானியர் ஃபெர்னாண்டோ சோர் (1778–1839) கட்டைவிரல் பின்னால்தான் இருக்க வேண்டும் என்றார். பிற்காலத்தில் மின்கிட்டாரில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எஃப் வடிவக் கார்டுகளுக்குக் கட்டைவிரலை மேலே கொண்டுவந்து அடிநாதக் கம்பியை அழுத்தினார். மற்ற நான்கு விரல்களுக்கும் அதனால் விடுதலை கிடைத்தது. அவருடைய நீண்ட கைக்கு அது இயல்பாக அமைந்தது. பதினொரு வயதுச் சிறுமிக்கு அது அமையாது. ஆகவே "கட்டைவிரலை மேலே போடு" என்பதையும் இன்னொரு விதியாக்க நான் தயாரில்லை.

இப்போது நான் கை வைக்கும் முறையைச் சொல்கிறேன். டி, சி, ஏ மைனர் போன்ற திறந்த கார்டுகளுக்கு என் கட்டைவிரல் கழுத்தின் மேல்விளிம்பில் சாய்ந்து, கொஞ்சம் எட்டிப் பார்க்கும். டி பிடிக்கும்போது அதன் ஓரம் ஆறாவது கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும், வேண்டாத ஒலி அடங்கிவிடும். எஃப், பி மைனர் போல, சுட்டுவிரலைக் கம்பிகளின் குறுக்கே கிடத்திப் பிடிக்கும் பார் கார்டுகள் வந்தால் கீழே இறங்கும். விரல் விரிக்க வேண்டிய கார்டு என்றால் இன்னும் கீழே. பாட்டு நகர நகரக் கட்டைவிரலும் நகர்கிறது. கார்டு மாறும் இடைவெளியில் அது கழுத்தைவிட்டு ஒரு கணம் தளர்வதுகூட உண்டு. அந்தத் தளர்வுதான் கைக்கு மூச்சு.

எஃப் கார்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கிட்டாரைப் பரணில் ஏற்றுவது இந்தக் கார்டில்தான். சுட்டுவிரலால் ஆறு கம்பிகளையும் நசுக்க வேண்டும் என்று நினைத்து எல்லோரும் மூச்சைப் பிடிக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். ஐந்தாவது கம்பியை மோதிரவிரல் பிடித்திருக்கிறது. நான்காவதைச் சுண்டுவிரல். மூன்றாவதை நடுவிரல். சுட்டுவிரலுக்கு மிச்சம் ஆறாவது, இரண்டாவது, முதலாவது என மூன்றே கம்பிகள். நடுவில் உள்ள மூன்றின் மேல் விரல் சும்மா கிடந்தால் போதும். இது தெரிந்ததும் பாதி அழுத்தம் தானாகக் குறைகிறது. பிறகு சுட்டுவிரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்று உருட்டி, சதையான உட்பக்கத்துக்குப் பதில் எலும்பு தட்டும் ஓரத்தை வைக்க வேண்டும். கம்பிகள் விரல்கணுவின் மடிப்புகளில் புதையாது. விரல் ஃபிரெட்டை ஒட்டி, அதன் பின்னால் இருக்கட்டும். வீணைக்காரர்கள் மெட்டு என்கிறார்களே, அதுதான் ஃபிரெட். அதைவிட்டு விலக விலக அதிக அழுத்தம் கேட்கும். முழங்கை உடம்பை ஒட்டி இறங்கட்டும்.

எவ்வளவு அழுத்த வேண்டும்? விரல்களைக் கம்பியின் மேல் வெறுமனே வைத்து மீட்டுங்கள், சத்தம் அடைத்துக்கொண்டு வரும். துளித்துளியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். கார்டு தெளிவாகப் பேசும் அந்த நொடியில் நின்றுவிடுங்கள். அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொரு துளியும் வீண், அத்தனையும் கட்டைவிரலின் கணக்கில்தான் ஏறும்.

இவ்வளவையும் அக்கா மகளுக்குச் சொன்னேன். முயன்றாள். ஓரளவு வந்தது, ஆனாலும் முதலாவது கம்பி செத்த சத்தம்தான் கொடுத்தது. அவள் கையை மறுபடி சந்தேகிக்கும் முன் அவள் கிட்டாரை என் மடியில் வைத்துக்கொண்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே இருக்கும் இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒரு தாளின் கனம் அளவுக்கு மயிரிழை இடைவெளி இருந்தால் சரி. அவள் கிட்டாரில் ஒரு தடித்த அட்டையே நுழைந்தது. கழுத்தின் தலைப்பில் கம்பிகளைத் தாங்கும் வெள்ளைப் பட்டையை நட் என்பார்கள். அதன் பள்ளங்கள் போதிய ஆழத்துக்கு வெட்டப்படவே இல்லை. எஃப் கார்டு அந்த நட்டுக்கு மிக அருகில், முதல் ஃபிரெட்டில் இருக்கிறது. தொழிற்சாலையில் முடிக்காமல் விட்ட வேலையை ஒரு குழந்தையின் சுட்டுவிரல் முடிக்க வேண்டியிருந்தது. எத்தனை பிள்ளைகள் இதைத் தங்கள் கையின் குறை என்று நம்பி விலகியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பெங்களூரு போகும் ஒரு நண்பரிடம் கொடுத்து அனுப்பி, பழுதுபார்ப்பவரிடம் நட்டின் பள்ளங்களைச் சீர்செய்து வாங்கினேன். கம்பியையும் மாற்றச் சொன்னேன். எஃகுக் கிட்டாரில் வழக்கமாக வரும் பன்னிரண்டு கனக் கம்பிகளுக்குப் பதில் மெல்லிய பத்து கனம் (முதலாவது கம்பியின் தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகச் சொல்லும் கணக்கு). நிலையான சுருதியிலிருந்து அரைச் சுருதி, அதாவது ஒரு ஃபிரெட் அளவு, இறக்கியும் வைத்தேன். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு மாறுவதால், அரைச் சுருதி இறக்கினாலே இழுவிசை ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்துவிடும். சின்னக் கைக்கு அது பெரிய சலுகை.

அடுத்த சனிக்கிழமை எஃப்பை முதல் ஃபிரெட்டில் தொடவே விடவில்லை. அதே வடிவத்தை ஐந்தாவது ஃபிரெட்டில் பிடிக்கச் சொன்னேன். 650 மில்லிமீட்டர் நீளக் கம்பியில் முதல் ஃபிரெட்டின் அகலம் சுமார் 36 மில்லிமீட்டர், ஐந்தாவதன் அகலம் சுமார் 29. விரல்கள் நெருங்கி நிற்கலாம், நட்டின் தடையும் அங்கே இல்லை. அவள் இடது காலுக்குக் கீழே வைக்க உயரமாக ஏதாவது வேண்டும் என்று வீட்டில் தேடினேன். அம்மா புளி தட்ட உட்காரும் மணை திண்ணையில் இருந்தது. மாசி, பங்குனியில் மூட்டை மூட்டையாக வரும் புளியைக் கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை நீக்குவார் அம்மா, எங்கள் தெருப் பெண்களில் பலரையும்போல. அந்த மணையின்மேல் ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் அவள் காலை வைக்கச் சொன்னேன். கிட்டார் இடது தொடைக்கு வந்தது. கழுத்து நிமிர்ந்தது. மணிக்கட்டு நேரானது. கட்டைவிரலைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது தானாகவே கழுத்துக்குப் பின்னால், ஏறத்தாழ நடுவில் போய் அமர்ந்தது.

மீட்டினாள். ஆறு கம்பிகளும் ஒலித்தன. பின்னால் போய்ப் பார்த்தேன், நகம் இளஞ்சிவப்பாக இருந்தது.

வாரத்துக்கு ஒரு ஃபிரெட்டாக இறங்கினாள். நான்கு, மூன்று, இரண்டு. ஐந்து நிமிடம் வாசித்தால் ஒரு நிமிடம் கையைத் தொங்கவிட்டு உதற வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். விரல்நுனி எரிந்தால் பரவாயில்லை, காய்ப்பு ஏற ஏற அது போய்விடும். ஆனால் கட்டைவிரலின் அடியிலோ மணிக்கட்டிலோ வலித்தால், அல்லது கட்டை, சுட்டு, நடு விரல்கள் மரத்துப்போனால், அந்த நொடியே நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும் என்றும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அது நாணுக்கும் நரம்புக்கும் வரும் கேடு. பொறுத்துக்கொண்டு வாசித்தால் சரியாகாது. தொடர்ந்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். இதைப் படிக்கும் பெரியவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது அதுவே.

போன ஞாயிறு காணிக்கைப் பாடலுக்கு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். அரைச் சுருதி இறக்கிய கிட்டார் என்பதால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வியான கேபோவை முதல் ஃபிரெட்டில் மாட்டி, கேபோவுக்கு அடுத்த கட்டத்திலேயே எஃப் பிடித்தாள். இரண்டாவது சரணத்தில் ஒருமுறை முதலாவது கம்பி பேசவில்லை. அவள் அழுத்தத்தைக் கூட்டவில்லை. முழங்கையைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தாள். அடுத்த எஃப் சரியாக விழுந்தது.

அம்மா மணையைத் திருப்பிக் கேட்டார். திங்கட்கிழமை புளி வருகிறதாம். ஆசாரியிடம் இன்னொன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். வேப்பமரம், உயரம் ஐந்து அங்குலம், கால் வழுக்காமல் மேலே ரப்பர்.